முதல் இரண்டரை சென்டிமீட்டர்

மின்விசிறி கூடாது, தகடு ஆடும்.
வேலூரில், மே மாதத்தில்,
ஜன்னல் அடைத்த அறையில்
நானும் நசீமாவும்
ஆளுக்கொரு நுண்ணோக்கி.
லென்சுக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய்,
நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை.
முன்னதில் பின்னது விழாமல் பார்ப்பதும்
மாதம் இருநூற்று எழுபத்தைந்து ரூபாயில் அடக்கம்.

தகடு கடல் தாண்டி வந்தது.
அங்கே ஓர் இயந்திரம்
இரும்பின் அணுக்கருவை
ஒளிக்கு ஓரடி பின்னால் ஓடும்படி விரட்டி
இந்த வெள்ளி உப்புப் பூச்சுக்குள் எறிந்திருக்கிறது.
போன தடம் கறுப்புப் புள்ளிகள்.
மோதிய இடம் நட்சத்திரம்.
நோட்டில் அப்படித்தான் எழுதவேண்டும்;
எனக்கென்னவோ
நசுங்கிய சிலந்தி.

சிலந்தியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு
அது அடுத்து எங்கே நசுங்குகிறது,
எத்தனை மைக்ரான், எழுது.
பெண் பார்க்க வந்த திருப்பத்தூர்க்காரர்களிடம்
அம்மா சொன்னாள்:
காலேஜில் புள்ளி எண்ணுகிறாள்.

தெய்வசகாயம் சார் சொல்வார்:
சில துண்டுகளுக்கு அவசரம்.
பிறந்த முதல் இரண்டரை சென்டிமீட்டருக்குள்
கணக்கை மீறி மோதிவிடுகின்றன.
நூற்றுக்கு ஆறு அப்படி இருக்கலாம்.
உடம்பு பெருத்த, இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்று
நொடியை ஆயிரம் கோடியாய் உடைத்ததில்
ஒரு சில்லுக்குள் இருந்துவிட்டு
எல்லாரையும் போல ஆகிவிடுகிறது.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று
வெளியூர்க்காரர்கள் எங்களைக் கிண்டலடிக்கும் பட்டியலில்
சாமி இல்லாத கோயிலை அடித்து
இரண்டு வருஷம்தான் ஆகிறது.
சத்துவாச்சாரியிலிருந்து அவர்
கோட்டைக்குத் திரும்பியதைப் பார்த்த கூட்டத்தில்
நானும் ஒருத்தி.
இல்லாதது வந்து சேரும் என்றால்
நம்புவதில் எனக்குச் சிரமமில்லை.

என் தகட்டில்
பின்பாதி நீளத்தை வைத்துப் பார்த்தால்
முன்னால் பத்து மோதல் வரவேண்டும்.
பதினேழு வந்தது.
சார் அன்றைக்கு எல்லாருக்கும் பன்னீர் சோடா.

அதே தகட்டை நசீமா பார்த்தாள்.
கிட்டே அவளுக்கும் பதினேழு.
தூரத்தில் மட்டும்
நான் முப்பத்தொன்று கண்ட இடத்தில்
அவளுக்கு நாற்பது.
தூசியை எண்ணியிருப்பாய், கண்ணாடியை மாற்று
என்றார் சார்.
பேரணாம்பட்டுக்காரி பதில் பேசவில்லை.
சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே
என்னைக் கேட்டாள்:
நீ எந்த இடத்தில் கண் சிமிட்டுகிறாய்?

கவனித்தேன்.
நட்சத்திரத்தை ஒட்டி நான் மூச்சே விடுவதில்லை.
மூன்றாவது சென்டிமீட்டரில்
ஐந்து நாற்பது குடியாத்தம் பஸ் வருகிறது,
ரேஷன் சர்க்கரை வருகிறது,
கண்ணாடி எத்தனை பவர் என்று கேட்ட
மாப்பிள்ளையின் அக்கா வருகிறாள்.
அவள் போய் முடிவதற்குள்
மெலிந்த, இரண்டே கால் முளைத்த ஒரு மோதல்
சத்தமில்லாமல் கடந்துவிடுகிறது.

யாரும் சொல்லாமல்
தகட்டைத் திருப்பி வைத்தேன்.
தடத்தின் முடிவிலிருந்து பிறப்பை நோக்கி,
வீட்டுக்குத் திரும்புகிறவள் போல.
பதினோரு நாள்.
தூரத்தில் நாற்பத்திரண்டு.
அப்படியானால் கிட்டே பதினான்கு வரவேண்டும்.
பதினான்குக்குப் பதினேழு
எந்த ஊரிலும் அதிசயமில்லை.

நோட்டைப் படித்தபோது சார்
விரலால் வரிக்கு வரி தொட்டார்.
குழாயடிக்குப் போனார், தண்ணீர் வரவில்லை,
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.
தட்டச்சான கட்டுரையின் நாலாம் பக்கத்தை உருவி
மேஜை இழுப்பில் போட்டார்.
நசீமா, உன் தகட்டைக் கொண்டு வா
என்றார். அம்மா என்று சேர்த்துக்கொண்டார்.

ஆயிரம் கோடியில் ஒரு சில்லு வாழ்ந்ததாகச் சொன்னது
என் கண்ணில்
ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வாழ்ந்திருக்கிறது.

பஸ் பாலாற்றைக் கடக்கும்போது
மணலில் லாரித் தடங்கள்.
ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன், பழக்கதோஷம்.

பதினேழில் பதினான்கு போக
மூன்று.
அதை ஒருவரும் கேட்கவில்லை.
பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.